இருநூற்றுப் பதினாலின் கடைசிப் பத்து நிமிஷம்

மனிதகுலம் இதுவரை எடுத்த அறிவியல் தொடர்களிலேயே ஆகச் சிறந்த எபிசோடு எது என்ற கேள்விக்கு, ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள டீக்கடையில் வைத்து, பிரேம்குமார் இறுதித் தீர்ப்பு வழங்கினான். இனிமேல் அதைப் பற்றி யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"அறுநூத்திப் பதினொண்ணு," என்றான். "மேல்முறையீடு கிடையாது."

தீர்ப்பைக் கேட்டவர்கள் மூன்று பேர். டீ மாஸ்டர், பெலிக்ஸ், ஒரு நாய். ராஜபாளையத்து நாய் என்றதும் வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஸாக, ராஜகம்பீரமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது பன்னுக்காகக் காத்திருக்கும் சாதாரணச் செவலை நாய்.

பெலிக்ஸ் டீயை ஊதினான். "அதுல ஒருத்தனும் பேசவே மாட்டானுவளே லே. நாப்பது நிமிஷமும் கம்ப்யூட்டர் கணக்குத்தான போடும்?"

"அதான் அதோட பெருமை. வசனம்ங்கிறது பலவீனம்."

"நான் நடுவுல தூங்கிட்டேன்."

"அது உன்னோட பலவீனம்."

பிரேம்குமார் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல். சிரிக்காமல் பேசுவான், அதனாலேயே பாதிப் பேர் அவனை நம்பினார்கள், மீதிப் பேர் அடிக்க வந்தார்கள். பெலிக்ஸ் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது அப்பாவின் மைக் செட் தொழிலைப் பார்க்கிறான். சர்ச் கன்வென்ஷனுக்கும் அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஒரே ஸ்பீக்கரைக் கட்டி, இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கியவன்.

'ஆதிரை' என்ற அந்தத் தொடர் பதினேழு வருஷமாக ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆதிரை என்பது ஒரு விண்கப்பலின் பெயர். பதினேழு வருஷத்தில் அந்தக் கப்பலுக்கு ஆறு கேப்டன்கள் மாறிவிட்டார்கள். அதில் ஒருவர் சமையல் நிகழ்ச்சிக்கே போய்விட்டார். வேற்றுக்கிரகவாசிகள் மேல் அடிக்கும் பச்சைப் பெயிண்ட் மட்டும் மாறவே இல்லை. இப்போது எண்ணூற்றுப் பன்னிரண்டோடு தொடரை முடிக்கப் போகிறார்கள். முடிப்பதற்கு முன்னால், மாவட்டத்துக்கு ஒன்றாக, ரசிகர்கள் கேட்கும் பழைய எபிசோடைத் திரும்பப் போடுவதாகச் சேனல்காரர்கள் அறிவித்தார்கள். எவ்வளவு பழசானாலும் கிடங்கிலிருந்து தேடி எடுத்துப் போடுவார்களாம். குலுக்கலில் விருதுநகர் மாவட்டத்துக்கு ஆடி இரண்டாம் ஞாயிறு விழுந்தது.

அங்கேதான் சிக்கல். மாவட்டத்தில் ஆதிரைக்கு இரண்டே ரசிகர் மன்றங்கள். ஒன்று ராஜபாளையத்தில், ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே ஒரு எபிசோடைக் கேட்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடிதம் வராவிட்டால் அந்த ஞாயிறு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே ஊர் மாதிரி தெரிந்திருக்கிறது. நடுவில் பதினோரு கிலோமீட்டர். பஸ்ஸில் இருபது நிமிஷம், மனசளவில் சில ஒளியாண்டு.

"அவிய இருநூத்திப் பதினாலு வேணும்ங்காவளே," என்றான் பெலிக்ஸ்.

பிரேம்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்தான். முக்கியமான விஷயங்களைச் சொல்லும்போது அவன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.

"உலகத்துல உள்ள எபிசோடு அம்புட்டையும் ரெண்டாப் பிரிச்சுறலாம். மூளைக்காக எடுத்தது, அத்தைமாருக்காக எடுத்தது. இருநூத்திப் பதினாலு ரெண்டாவது வகை. தம்பி விண்வெளிக்குப் போறான். அக்காக்காரி நிலாவுல உக்காந்துக்கிட்டு 'சேந்துட்டியா, சேந்துட்டியா'ன்னு முக்கா மணி நேரம் ரேடியோவை உத்துப் பாக்கா. இதுக்கு எதுக்கு ராக்கெட்டு? எங்க அம்மாவைப் பஸ் ஸ்டாண்டுல நிறுத்திப் படம் பிடிச்சாப் போதும்."

இதையே அன்று சாயங்காலம் இரண்டு மன்றங்களுக்கும் பொதுவான வாட்ஸாப் குழுவில் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டான். இருநூற்றுப் பதினாலு ஜெயித்தால், அத்தைமார் வரிசையில் உட்கார்ந்து, யாரிடமாவது முந்தானையை இரவல் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பதாகச் சபதமும் செய்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மன்றத் தலைவி ஜனனி அதற்கு ஒரு வார்த்தைதான் பதில் போட்டாள். "சேமித்தாயிற்று."

மறுநாள் சனிக்கிழமை. ராஜபாளையத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. கூட்டத்தை நம்மூரில்தான் நடத்த வேண்டும், மக்கள் தொகை, பஞ்சாலை, மாம்பழம் எதில் பார்த்தாலும் நாமே பெரியவர்கள் என்று பிரேம்குமார் போட்ட நீளச் செய்தியெல்லாம் வீணாயிற்று. ஜனனி மறுபடியும் ஒரு வரிதான் எழுதினாள். "இங்கே ஃபேன் ஓடும்."

கிளம்பும்போது அவன் அம்மா ஜெயசித்ரா வாசலில் நின்று, எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுலே."

"பதினோரு கிலோமீட்டர்மா."

"பதினோரு கிலோமீட்டர்ல பஸ்ஸு கவுறாதா?"

"கவுந்தா எப்படிம்மா போன் போடுவேன்?"

"அதான் சொல்லுதேன். போன் வந்தா கவுறலன்னு அர்த்தம்."

மூன்று வருஷம் இயற்பியல் படித்தவனுக்கு இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் வந்தது. போன் போடவில்லை.

கூட்டம் ஜனனியின் அப்பா சடகோபன் மாமாவின் வீட்டில். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியில் இருந்தது. மாமா டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் ஆண்டாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவித்துவிட்டு வந்து, நெற்றித் திருமண் காயும் முன்பே விண்வெளிக்குக் கிளம்பிவிடுகிற மனுஷர். முதல் எபிசோடிலிருந்து ஒன்று விடாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தார். எபிசோடு எண், கேப்டன் யார், கதை இரண்டு வரி, கடைசியில் 'கரண்ட்' என்று ஒரு கட்டம்.

"வாங்கோ, உக்காருங்கோ," என்று மைக் செட்டுப் பையனையும் இயற்பியலையும் ஒன்றாக உட்கார வைத்தார். ஜயலக்ஷ்மி மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். மாமி மன்றத்து உறுப்பினர் அல்ல, ஆனால் போகவும் இல்லை.

பிரேம்குமார் அறுநூற்றுப் பதினொன்றின் சிறப்புகளை இருபது நிமிஷம் எடுத்துச் சொன்னான். ஜனனி நடுவில் பேசாமல் கேட்டாள். அவளும் சிரிக்காமல் பேசுகிற ரகம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதை அவன் ஒரு அநியாயமாகவே கருதினான்.

"முடிஞ்சுதா?" என்றாள். "முன்னூறுக்கு மேல எல்லா எபிசோடும் ஆன்லைன்ல கெடக்கு. உங்க அறுநூத்திப் பதினொண்ணை நீங்க எத்தனை தடவை பாத்திருக்கீங்க?"

"பத்தொன்பது."

"இருபதாவது தடவைக்கு ஒரு மாவட்டமே சேந்து மனு போடணுமா?"

பெலிக்ஸ் காபியை மூக்கில் ஏற்றிக்கொண்டான்.

"இருநூத்திப் பதினாலைப் பாக்க மட்டும் என்ன இருக்கு?" பிரேம்குமார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "கமலின்னு ஒருத்தி நிலாவுல உக்காந்திருக்கா. தம்பி 'குருவி'ங்கிற சின்னக் கப்பல்ல போறான். நாலு ஒளியாண்டு தூரம். போய்ச் சேர ஏழு வருஷம், சேந்துட்டேன்னு சிக்னல் திரும்பி வர நாலு வருஷம். ஆக மொத்தம் பதினோரு வருஷம் காத்துக்கிட்டு இருக்கா. சிக்னலே வந்தாலும் அது நாலு வருஷத்துப் பழைய செய்தி. பழைய பேப்பரைப் படிச்சுட்டு யாராவது அழுவாங்களா? அதுலயும் கடைசியில அந்தத் தம்பி—"

"நிறுத்துங்க!"

கத்தியது ஜனனி. மாமா நோட்டைப் படீரென்று மூடினார். நிலையில் சாய்ந்திருந்த மாமி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

பிரேம்குமார் திறந்த வாயை மூடவில்லை.

"அம்மா அந்த எபிசோடை முழுக்கப் பாக்கலை," என்றாள் ஜனனி, குரலைத் தணித்துக்கொண்டு. "அன்னிக்கு ஆடிக் காத்து. கடைசிப் பத்து நிமிஷம் இருக்கச்சே கரண்ட் போயிடுத்து."

மாமா நோட்டை மறுபடி திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். இருநூற்றுப் பதினாலு. கரண்ட் என்ற கட்டத்தில், 'பதினொன்று முப்பத்துநாலுக்குப் போயிற்று. மாலை நாலுக்கு வந்தது.' கதை எழுதும் இரண்டு வரியில் இரண்டாவது வரி காலியாக இருந்தது.

"அப்புறம் அவா அதைத் திரும்பப் போடவே இல்லை," என்றார் மாமா. "பதிமூணு வருஷம் ஆச்சு."

"இதை குரூப்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எவனாவது முடிவைப் போட்டுடுவான்," என்றாள் ஜனனி. "உங்களை மாதிரி."

மாமி ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்தாள். "ஆச்சா? சொல்லிடலையே?"

"இல்ல மாமி."

"சொல்லப்படாது கொழந்தே. நீ சொல்லித் தெரிஞ்சுண்டா எனக்கு ஆறாது. அந்தப் பொண்ணுக்குப் பதினோரு வருஷம்னு கணக்கு. நான் அவளையே தாண்டிட்டேன்." மாமி இரண்டாவது விரலையும் எடுத்தாள். "எங்காத்துல த்ருவ்னு ஒரு பிள்ளை இருக்கான். புனேல வேலை. சேந்தியாடான்னு கேட்டா கட்டைவிரல் படம் அனுப்பறான். சேந்தது விரலா, அவனான்னு எனக்கெப்படித் தெரியும்? அந்தக் கமலியோட தம்பி என்ன அனுப்பினான்னு பாக்கணும் எனக்கு. அனுப்பினானா இல்லையான்னாவது."

பிரேம்குமாருக்கு அந்த முடிவு நன்றாகத் தெரியும். ராஜபாளையத்தில் அன்று கரண்ட் போகவில்லை. எட்டு வயதில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தான். ஐந்து வார்த்தையில் சொல்லிவிடலாம். பதிமூன்று வருஷம், ஐந்து வார்த்தை. அவன் வாய்க்குள் அந்த ஐந்து வார்த்தையும் சூடான கிழங்கு மாதிரி கிடந்தன. நாமும் இப்போதைக்குச் சொல்லாமல் இருப்போம்.

சுவர்க் கடிகாரம் நாலே காலைக் காட்டியது.

"பேப்பர் இருக்கா?" என்றான்.

கடிதத்தை அவனே எழுதினான். "தொலைவு, வேகம், சமிக்ஞைத் தாமதம் ஆகிய மூன்றும் பிழையின்றிக் கணக்கிடப்பட்ட எபிசோடு என்பதால், முற்றிலும் அறிவியல் காரணங்களை முன்னிட்டு, இருநூற்றுப் பதினாலாம் எபிசோடை ராஜபாளையம் மன்றம் கோருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மன்றமும் உடன்படுகிறது." கீழே கையெழுத்துப் போட்டான்.

பெலிக்ஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அதான் காரணமாலே?"

"வேறென்ன?"

ஜனனி கடிதத்தை வாசித்தாள். "நாங்க உடன்படறோமா?"

"இஷ்டம் இல்லைன்னா விட்டுருங்க. பக்கத்து மாவட்டம் காத்துக்கிட்டு இருக்கு."

ஜனனி கையெழுத்துப் போட்டாள். படம் எடுத்து, நாலு நாற்பதுக்கு அனுப்பினார்கள்.

ஆடி பிறந்தது. மலையிலிருந்து காற்று இறங்கி, தெருத் தெருவாகப் புகுந்து, கொடியில் கிடந்த வேட்டிகளையெல்லாம் அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்தது. ஒயர்கள் ஊஞ்சலாடின. நினைத்த நேரத்தில் கரண்ட் போனது, நினைக்காத நேரத்தில் வந்தது. பிரேம்குமார் தினமும் காலையில் மாடிக்குப் போய் மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தான். அம்மா கேட்டதற்கு ஆராய்ச்சி என்றான்.

வெள்ளிக்கிழமை பெலிக்ஸிடம் போனான். "ஏலே, உங்க மைக் செட்டு பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் ஞாயித்துக்கிழமை சும்மாத்தான கெடக்கும்?"

"எதுக்கு?"

"ஒரு சோதனை."

"எம்புட்டு வாட்ஸு வேணும் சோதனைக்கு?"

"ஒரு டிவி ஓடணும்."

பெலிக்ஸ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டான். நல்ல சிநேகிதனுக்கு அடையாளம், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், பின்னால் நாலு பேர் இருக்கும்போது சிரிப்பதற்கு எடுத்து வைத்துக்கொள்வது.

ஞாயிறு காலை பெலிக்ஸ் பேட்டரி, இன்வெர்ட்டர், கூடவே பழக்கதோஷத்தில் ஒரு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு போனான். உட்கார இடமில்லாததால் பிரேம்குமார் பஸ்ஸில் போனான். அம்மா வாசலில் நின்று சொன்னதைச் சொன்னாள். அவன் கேட்டதைக் கேட்காததுபோல் போனான்.

மாமி தலைக்குக் குளித்து, நல்ல புடவை உடுத்தி, டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜனனி பிரேம்குமாரிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

"முந்தானை கிடைக்கலை. துண்டுதான்."

சேமித்தாயிற்று என்று அவள் அன்று எழுதியது ஞாபகம் வந்தது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பதினொரு மணிக்குத் தொடங்கியது. பழைய படம் என்பதால் நிறமெல்லாம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கமலி இளசாக இருந்தாள். தம்பி குருவிக்குள் ஏறினான். பதினோரு வருஷம் மூன்று விளம்பர இடைவேளைகளில் நகர்ந்தது. கமலிக்கு நரை வைத்தார்கள். அதுவும் பச்சைப் பெயிண்ட் அடித்த அதே கைதான் என்று தெரிந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. மாமாவின் பேனா நோட்டுக்கு மேலே தயாராக நின்றது.

பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கரண்ட் போனது.

கண் சிமிட்டும் நேரம்தான். இன்வெர்ட்டர் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. டிவி அணையவே இல்லை. பெலிக்ஸ் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிரேம்குமார் ஜனனி பக்கம் திரும்பி, சிரிக்காமல், மெதுவாகத் தலையசைத்தான்.

திரும்பிப் பார்த்தால் திரை முழுக்க நீலம். நடுவில் 'சிக்னல் இல்லை.'

"என்னடா ஆச்சு?" என்றார் மாமா.

பெலிக்ஸ் செட்டாப் பாக்ஸைத் தட்டினான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். அப்புறம் தலையில் கை வைத்தான். "ஏலே, நமக்குப் பேட்டரி கொண்டாந்தோம். கேபிள்காரனுக்குக் கொண்டாரலையே!"

கேபிள் ஆபீஸ் சங்கையாவுக்குப் போன் போட்டார்கள். அவர் இருட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். ஜனனி செல்லில் சேனலின் செயலியைத் திறந்தாள். தமிழ்நாடே அதில் ஏறி உட்கார்ந்திருந்ததோ என்னவோ, ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா நோட்டில் 'பதினொன்று முப்பத்தொன்று' என்று எழுதினார். எழுதாமல் இருந்திருக்கலாம், ஆனால் பதினேழு வருஷப் பழக்கம்.

மாமி கையை மடியில் வைத்துக்கொண்டு நீலத் திரையையே பார்த்தாள். "பரவாயில்லை," என்றாள். "மூணு நிமிஷம் முன்னாடியே போயிடுத்து இந்தத் தரம்."

பிரேம்குமார் எழுந்தான். நடையில் போய் நின்று, இரண்டு வாரத்தில் முதல்முறையாகத் தானாக வீட்டுக்குப் போன் போட்டான்.

"சேந்துட்டியாலே?" அம்மாவின் குரல்.

"சேந்து ரெண்டு மணி நேரமாச்சு."

"ரெண்டு மணி நேரமா இங்கன ஒருத்தி—"

"அம்மா, அம்மா, நம்ம வீட்டுல கரண்ட் இருக்கா?"

"இருக்கு."

"டிவில ஆதிரை ஓடுதா?"

"அதத்தாம்லே பாத்துக்கிட்டு இருக்கேன்! நல்ல கட்டத்துல வந்து போனைப் போடுத!"

"வீடியோ கால் வாரேன். போனை டிவிக்கு நேராப் பிடி. அசையாத. பொறவு எல்லாம் சொல்லுதேன்."

முதலில் வீட்டுக் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. பிறகு அம்மாவின் மோவாய். பிறகு ராஜபாளையத்து டிவி, அதற்குள் நிலா, நிலாவில் கமலி. பெலிக்ஸ் கேட்காமலே செல்லை ஆம்ப்ளிஃபையரில் இணைத்தான். ஐந்து தலைகள் உள்ளங்கையகலத் திரையைச் சுற்றிக் குவிந்தன. பிரேம்குமார் செல்லை மாமியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டான். படம் வந்து சேர ஒன்றரை விநாடி தாமதம் ஆகிறது என்று அவன் மூளையின் ஒரு மூலை கணக்குப் போட்டது. மற்ற மூலைகள் வேறு வேலையில் இருந்தன.

கமலியின் ரேடியோவில் ஒரு சிவப்பு விளக்கு பதினோரு வருஷமாக எரியாமல் இருந்தது. அவள் அதைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

மாமி பிரேம்குமாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு குரல், நாலு ஒளியாண்டு தாண்டி, ராஜபாளையம் வழியாக, பெலிக்ஸின் ஸ்பீக்கரில் மாட வீதி முழுக்கக் கேட்டது.

"அக்கா, நல்லபடியா வந்து சேந்துட்டேன். சாப்பிட்டேன்."

கூடவே ஜெயசித்ரா மூக்கை உறிஞ்சும் சத்தமும் மாட வீதி முழுக்கக் கேட்டது.

மாமி அழுவாள் என்றுதான் பிரேம்குமார் நினைத்திருந்தான். மாமி சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் குலுங்க. "சாப்பிட்டானாம்! ஏன்னா, கேட்டேளா? சாப்பிட்டேங்கறான்! அவ கேக்கவே இல்லையே, தானாச் சொல்றான் பாருங்கோ!"

மாமா நோட்டில் காலியாக இருந்த அந்தப் பழைய வரியைத் தேடிப் பிடித்து, 'சேர்ந்தான். சாப்பிட்டான்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"ஏலே, பாத்தியளா எல்லாரும்?" ஸ்பீக்கரில் அம்மா. "பதிமூணு வருஷத்துக்கு முன்னால இதப் பாத்துட்டு ஒரு பயல் தேம்பித் தேம்பி அழுதான். அன்னைக்கு முழுக்கச் சாப்பிடவே இல்ல. பேரு சொல்ல மாட்டேன். எட்டு வயசு."

பெலிக்ஸ் எடுத்து வைத்திருந்த சிரிப்பை அப்போது செலவழித்தான். பிரேம்குமார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். ஃபேன் நின்றிருந்ததால் வேர்த்திருந்தது.

"நல்லா வேர்க்கறது, இல்ல?" என்றாள் ஜனனி, சிரிக்காமல்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று மாமி இலை போட்டாள். புளியோதரை, அப்பளம், கடைசியில் பால்கோவா. இந்த ஊர்ப் பால்கோவா அளவுக்கு மீறிப் புகழப்படுகிறது என்று பிரேம்குமார் சொன்னான்; சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டான். ஆடி முடியும்வரை பேட்டரி அங்கேயே இருக்கட்டும், அடுத்த ஞாயிறு கேபிள் ஆபீஸிலும் ஒன்று வைத்துவிடலாம் என்று பெலிக்ஸும் மாமாவும் திட்டம் தீட்டினார்கள். இரண்டு மன்றங்களும் சேர்ந்து செய்யும் முதல் ஆக்கபூர்வமான வேலை என்று அதற்கு ஜனனி பெயர் வைத்தாள். பேசி முடித்துப் பெலிக்ஸ் அங்கேயே திண்டில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

பஸ்ஸுக்குக் கிளம்பிய பிரேம்குமாரை மாமி வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லு கொழந்தே."

"பதினோரு கிலோமீட்டர் மாமி."

"தெரியும். நாலு ஒளியாண்டு இல்லையோன்னோ? சீக்கிரமே வந்துடும்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. காற்று முகத்தில் அறைந்தது. பஸ் கவிழவில்லை. இருபத்திரண்டு நிமிஷத்தில் ராஜபாளையம்.

டீக்கடை மூடியிருந்தது. செவலை நாய் மட்டும் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பிரேம்குமார் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. செல்லை எடுத்து, ஜனனி குழுவில் போட்டிருந்த மாமியின் எண்ணைத் தேடினான்.

கட்டைவிரல் படத்தைத் தொட்டான். உடனே அழித்தான். 'சமிக்ஞை உறுதி செய்யப்படுகிறது' என்று எழுதினான். அதையும் அழித்தான். பிறகு குனிந்து, யாரோ எட்டிப் பார்ப்பதுபோல ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு எழுதினான்.

"மாமி, நல்லபடியா வந்து சேந்துட்டேன். சாப்பிட்டேன்."

சாப்பிட்டது மாமி பரிமாறியதுதான். இருந்தாலும் அனுப்பினான்.

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அங்கே இன்னும் கரண்ட் வரவில்லை போலிருக்கிறது. டவரின் பேட்டரியும் இந்நேரம் தீர்ந்திருக்கும். வீடு இங்கிருந்து ஐந்து நிமிஷ நடைதான். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். நாய் எழுந்து வந்து, அவன் கையில் பன் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, இருந்தாலும் பக்கத்தில் படுத்தது. தென்காசி பஸ் ஒன்று போனது. சங்கரன்கோவில் பஸ் ஒன்று போனது. பிரேம்குமார் அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.